‘உங்களுக்குக் கடன் இருக்கா?’ - நிச்சயத்துக்குப் பிறகு நான் கேட்ட கேள்வி

2022, தீபாவளிக்கு முந்தைய வாரம். எனக்கு நிச்சயதார்த்தம் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டை எடுக்க திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் போயிருந்தோம். நான், அவர், துணைக்கு என் அக்கா, அக்காவின் ஐந்து வயதுப் பையன். ஜூஸ் கடையில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய போன் அடித்தது. பார்த்துவிட்டு கட் செய்தார். மறுபடியும் அடித்தது. மறுபடியும் கட். மூன்றாவது முறை எழுந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார். கடைசியாகச் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

“ஈவ்னிங்குள்ள போட்டுடறேன் சார்.”

திரும்பி வந்தவர், “இன்ஷூரன்ஸ்காரங்க. பாலிசி எடு, பாலிசி எடுன்னு உயிரை வாங்கறாங்க” என்று சிரித்தார்.

வேறு பெண்ணாக இருந்தால் நம்பியிருப்பாள். நான் ஒரு தனியார் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். ‘ஈவ்னிங்குள்ள போட்டுடறேன் சார்’ என்பதை ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது கேட்கிறவள். பாலிசி விற்கிறவரிடம் யாரும் அந்தக் குரலில் பேச மாட்டார்கள். அது தவணை பாக்கி வைத்திருப்பவரின் குரல்.

அன்று சட்டையும் எடுத்தோம், ஜூஸும் குடித்தோம். எதுவும் கேட்காமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பற்றி விசாரிக்காமல் இல்லை. சித்தப்பா கரூருக்கே போய் ஒரு நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தார். அவர்கள் தெருமுனை டீக்கடை, இஸ்திரி போடுகிறவர், எதிர்வீட்டுப் பெரியவர், அவர் வேலை பார்க்கும் ஜவுளி ஏற்றுமதி கம்பெனியின் வாட்ச்மேன் வரை பேசியிருக்கிறார். குடி இல்லை, சிகரெட் இல்லை, வேறு பெண் விவகாரம் இல்லை, அப்பா அம்மாவை மரியாதையாக நடத்துகிறார். “தங்கமான பையன். கண்ணை மூடிட்டுக் குடுக்கலாம்” என்றார் சித்தப்பா. அதில் எதுவும் பொய் இல்லை. ஆனால், ஒருவருக்கு எந்தெந்த ஆப்பில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று டீக்கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அந்தக் காலத்தில் கடன் வாங்கினால் ஊருக்கே தெரியும். இப்போது பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாமல் ஐந்து நிமிடத்தில் போனிலேயே வாங்கிவிடலாம்.

நான் ஏன் ஒரு போன் காலுக்கு இவ்வளவு பயந்தேன் என்றால், காரணம் அக்கா.

2015-ல் அக்காவுக்குக் கல்யாணம். சென்னையில் நல்ல வேலை என்று சொன்னார்கள். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே அந்த வேலை போயிருந்தது. அத்தான் அதை யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் அக்கா கட்டிக் கொடுக்கும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிப்போய், எங்கேயோ உட்கார்ந்துவிட்டு ராத்திரி வருவாராம். குடும்பம் அக்காவின் நகையில் ஓடியிருக்கிறது. வளைகாப்புக்கு முதல் நாள் போட்டுக்கொள்ள எடுத்துப் பார்த்தபோதுதான் பீரோவில் ஆறு வளையலும் இல்லை. அக்கா பிரசவத்துக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை.

“எனக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துச்சுடி” என்று பல வருஷம் கழித்து ஒரு நாள் சொன்னாள். “ஆபீஸ் எங்க இருக்குன்னு கேட்டா பேச்சை மாத்துவாரு. கேக்க வெக்கமா இருந்துச்சு. பணத்தைப் பாத்துக் கல்யாணம் பண்ற பொண்ணுன்னு நெனச்சுடுவாரோன்னு.”

ஜூஸ் கடையில் நானும் அதே காரணத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்லப்போவதை இதுவரை என் கணவர், அக்கா இருவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. வங்கி வேலை என்றால் டார்கெட் உண்டு. மாதம் இத்தனை புதிய கணக்கு தொடங்க வேண்டும். உறவுக்காரர்கள் என்னைக் கண்டாலே ஓடுவார்கள். நிச்சயம் முடிந்த கையோடு இதைச் சிரிப்பாகச் சொன்னபோது, மறுநாளே அவர் பான் கார்டு, ஆதார் நகலை அனுப்பி, “என் பேர்ல ஒண்ணு ஓப்பன் பண்ணிக்கோங்க. உங்க கணக்குல ஒண்ணு ஏறட்டும்” என்றார். அந்த பான் நம்பர் என் கம்ப்யூட்டரில் இருந்தது. கடன் விண்ணப்பத் திரையில் அதைப் போட்டால் அவருடைய மொத்தக் கடன் வரலாறும் ஒரு நிமிடத்தில் வந்துவிடும்.

திங்கட்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம், அந்தத் திரையைத் திறந்தேன். பத்து எழுத்தில் ஒன்பதை அடித்துவிட்டேன்.

நிறுத்தினேன். உத்தமி என்பதால் நிறுத்தவில்லை. முதலில் வந்தது பயம்தான். வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் பார்ப்பது குற்றம். யார் பார்த்தார்கள் என்பது என் ஊழியர் எண்ணோடு பதிவாகும். அவருடைய ரிப்போர்ட்டிலும் ‘இந்த வங்கி, இந்தத் தேதியில் விசாரித்தது’ என்று ஒரு வரி ஏறிவிடும். அந்தப் பயத்துக்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. எனக்கு உதவி செய்யத்தான் அந்த கார்டை அனுப்பியிருந்தார். அதை வைத்தே அவரைத் திருட்டுத்தனமாகத் துருவப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இல்லை என்று வந்திருந்தாலும், இப்படிப் பார்த்தவள் என்பதை மறைத்துக்கொண்டுதானே தாலி கட்டிக்கொண்டிருப்பேன்?

வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, “நேர்ல கேளு. நானும் வர்றேன்” என்றாள்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் சந்தித்தோம். ஐப்பசி என்பதால் துலா ஸ்நானத்துக்கு வந்தவர்கள் கூட்டம் இன்னும் கொஞ்சம் இருந்தது. காவிரியில் நல்ல தண்ணீர். அக்கா பையனைப் பிடித்துக்கொண்டு நாலு படி தள்ளி உட்கார்ந்தாள். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று நாலைந்து விதமாகப் பேசிப் பார்த்திருந்தேன். அங்கே ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“உங்களுக்குக் கடன் ஏதாவது இருக்கா?” என்று மொட்டையாகக் கேட்டுவிட்டேன்.

முகம் மாறியது. “ஏன் திடீர்னு?” என்றார். அப்புறம், “எனக்கு இல்ல. ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கேன். அவன் ஒழுங்கா கட்ட மாட்டேங்கறான். அதான் எனக்குப் போன் பண்றாங்க” என்றார்.

நம்பும்படிதான் இருந்தது. ஆனால், சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். “சரி” என்று எழுந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அக்கா எதுவும் கேட்கவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தாள். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அன்று ராத்திரி எட்டு மணிக்கே முடிவு செய்துவிட்டேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி.

11.40-க்கு போன் வந்தது.

“ஃப்ரெண்டு கதை பொய்ங்க” என்றுதான் ஆரம்பித்தார்.

2021-ல் தங்கையின் கல்யாணத்துக்காக 4.5 லட்சம் பர்சனல் லோன். மாதம் 10,700 ரூபாய் தவணை. சம்பளம் 32,000. வீட்டுச் செலவுக்குப் போதாமல் கிரெடிட் கார்டைத் தேய்த்து, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்ததில் அது 62,000-ல் நின்றது. கார்டு பாக்கிக்கு மாதம் 3, 3.5 சதவிகிதம் வட்டி போடுவார்கள். கேட்கச் சின்னதாகத் தெரியும். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 40 சதவிகிதத்தைத் தொடும். அதைச் சமாளிக்க ஒரு லோன் ஆப்பில் 20,000. ஜூஸ் கடையில் கூப்பிட்டது அந்த ஆப்காரர்கள்தான்.

“போன்ல இருக்கற எல்லா நம்பரையும் அவங்க எடுத்து வெச்சிருக்காங்க. கட்டலைன்னா ஒவ்வொருத்தருக்கா கூப்பிடுவோம்னு மிரட்டறாங்க. உங்க நம்பரும் அதுல இருக்கு. என்னிக்கு உங்களைக் கூப்பிட்டு அசிங்கப்படுத்துவாங்களோன்னு தினமும் வயித்தைக் கலக்குது” என்றார். குரல் உடைந்திருந்தது.

“ஏன் முன்னாடியே சொல்லல?”

“சொல்லிடலாம்னுதான் சொன்னேன். அம்மாதான், கல்யாணம் முடியட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னாங்க.”

அந்த வரியைக் கேட்டதும் என் கோபத்தில் பாதி, எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. ஏனென்றால், அதே வரியை என் அம்மாவும் என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு 24 வயதிலிருந்து தைராய்டு குறைபாடு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அளவாக மாத்திரை எடுத்து, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்து கொண்டால் குழந்தை பெறுவதற்கும் தடையில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும், பெண் பார்க்க வந்த அன்று அம்மா மாத்திரை டப்பாவை அலமாரிக்குள் தள்ளி, “இப்ப சொன்னா ஒண்ணை ஒம்போதா ஆக்குவாங்க. கல்யாணம் முடியட்டும், சொல்லிக்கலாம்” என்றார். நானும் சரி என்றுதான் இருந்தேன்.

“எனக்கும் ஒண்ணு சொல்லணும்” என்று தைராய்டைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “மாத்திரை சாப்பிட்டா சரியா இருக்கும்ல?” என்று மட்டும் கேட்டார்.

இதைப் படிக்கிறவர்கள், அவர் உண்மையைச் சொல்லிவிட்டார், நானும் சொல்லிவிட்டேன், கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தைராய்டும் நாலரை லட்சமும் ஒன்றா? என் மாத்திரைக்காக யாரும் அவருக்குப் போன் செய்து மிரட்டப் போவதில்லை. தவிர, நான் கேட்காமல் விட்டிருந்தால் அவர் தானாகச் சொல்லியிருப்பாரா? ‘கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன்’ என்று இன்றுவரை சாதிக்கிறார். எனக்கு இன்றுவரை நம்பிக்கை இல்லை.

அதனால் ஒன்று கேட்டேன். “உங்க சிபில் ரிப்போர்ட்டை நீங்களே எடுத்து எனக்கு அனுப்புங்க.” சிபில் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர்தான் என்றாலும், நம் ஊரில் எல்லா கிரெடிட் ரிப்போர்ட்டுக்கும் அதுவே பெயராகிவிட்டது. இந்த மாதிரி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அவரவர் பான் நம்பரையும் மொபைல் எண்ணையும் வைத்து அவரவரே எடுத்துக்கொள்ளலாம். வாங்கிய கடன், கார்டு பாக்கி, வங்கி நகைக்கடன், ஜாமீன் போட்டது எல்லாம் அதில் இருக்கும். எந்த மாதம் எத்தனை நாள் தாமதமாகக் கட்டினோம் என்பதுகூட இருக்கும். கைமாற்றாக வாங்கியதும் வட்டிக்காரரிடம் வாங்கியதும் மட்டும் வராது.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் அனுப்பிவிட்டார். மதிப்பெண் 664. இது 300-ல் ஆரம்பித்து 900 வரை போகும். 750-க்கு மேல் இருந்தால் எங்கள் வங்கியில் முகம் மலர்ந்து உட்காரச் சொல்வோம். 664 என்றால், ‘பார்க்கலாம் சார்’ என்போம். அவரைக் காதலியாகப் படிக்கவில்லை, கடன் அதிகாரியாகத்தான் படித்தேன். பர்சனல் லோனில் இரண்டு மாதம் தாமதம். கார்டு விளிம்புவரை நிரம்பியிருந்தது. தள்ளுபடி, செட்டில்மென்ட் எதுவும் இல்லை. ராத்திரி போனில் சொன்ன மூன்றும் இருந்தன. சொல்லாத நான்காவது எதுவும் இல்லை. அதை இரண்டு முறை சரிபார்த்தேன்.

பிறகு அப்பா. அவரிடம் சொல்லத்தான் எனக்குக் கை நடுங்கியது. அக்கா விஷயத்துக்குப் பிறகு ஊரில் தலைநிமிர்ந்து நடப்பதையே குறைத்துக்கொண்டவர். தை மாதம் முகூர்த்தம், மண்டபத்துக்கு 40,000 அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. பத்திரிகை அடிக்க மட்டும் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அட்வான்ஸ் போனா போகட்டும். நிறுத்திடலாமாம்மா?” என்றார். கொஞ்சம் விட்டு, “பெரியவளுக்கு இதை நான் கேட்கலை” என்றார். சமையலறையில் அக்கா குழாயைத் திறந்துவிட்டாள். அவ்வளவு நேரம் குழாய் ஓட வேண்டிய வேலை எதுவும் அங்கே இல்லை.

அப்பா நிறுத்தலாம் என்று சொன்ன பிறகுதான் என்னால் நிதானமாக யோசிக்க முடிந்தது. வேண்டாம் என்று சொல்லும் வழி திறந்திருக்கிறது என்பதே ஒரு பலம். நிறுத்த வேண்டாம், தள்ளிப்போடலாம் என்றேன். தையிலிருந்து வைகாசிக்கு. நான்கு மாதம் எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ‘மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை’ என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஊருக்குக் காரணம் சொன்னோம். உண்மைக்காகத் தள்ளிப்போட்ட கல்யாணத்துக்கு ஒரு பொய்! அந்தப் பெரியப்பா மட்டும், தன்னை நலம் விசாரித்து வந்த போன்களுக்கெல்லாம் பதில் சொல்லி ஓய்ந்துபோனார்.

அவருடைய அம்மாவுக்கு என்மேல் சரியான கோபம். “இன்னும் தாலியே ஏறல, அதுக்குள்ள கணக்கு கேக்கறா” என்று சொன்னதாக என் காதுக்கு வந்தது. அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. மகளுக்காக மகன் வாங்கிய கடன், அதை ஊர் பேசக் கூடாது என்ற தவிப்பு. இப்போதும் கோபம் வந்தால் என்னை ‘பேங்க்கு’ என்றுதான் கூப்பிடுவார்.

அந்த நான்கு மாதமும் சினிமா மாதிரி இனிமையாக எல்லாம் போகவில்லை. பேச்சு குறைந்தது. ஆப் கடனை முதலில் அடைக்கச் சொன்னேன். பைக்கை விற்று அடைத்துவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனார். கார்டை வெட்டிப் போட்டதை போட்டோ எடுத்து அனுப்பினார். ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் தவணை கட்டியதும் ஸ்கிரீன்ஷாட் வரும். மூன்றாவது மாதம் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “நான் உங்க கலெக்‌ஷன் ஆபீஸர் இல்ல. இனிமே அனுப்பாதீங்க” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த ஐந்தாம் தேதி வந்தபோது மனசு போனையே பார்த்துக்கொண்டிருந்தது. சந்தேகத்துக்குத் தீனி போட்டுப் பழக்கிவிட்டால் அது நேரம் தவறாமல் பசிக்கும்.

ஸ்கிரீன்ஷாட் நின்ற அடுத்த மாதம், ஏப்ரல் நான்காம் தேதி ராத்திரி, அவராகவே கூப்பிட்டார். “கம்பெனியில பேமென்ட் வராம சம்பளம் தள்ளிப்போச்சு. நாளைக்கு இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆயிடும். 590 ரூபா அபராதம் வரும். பத்தாம் தேதி கட்டிடுவேன். உனக்குத் தெரியணும்னுதான் கூப்பிட்டேன். பணம் கேக்க இல்ல.”

என் கணக்கில் பணம் இருந்தது. கொடுக்கலாமா என்று வாய்வரை வந்தது. கொடுக்கவில்லை. பத்தாம் தேதி கட்டினாரா என்று கேட்கவும் இல்லை. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். காலையில் அம்மாவிடம், “பத்திரிகை அடிக்கக் குடுத்துடலாம்” என்றேன். ஜூஸ் கடையில் முதுகைக் காட்டி நின்று பேசியவரும், கேட்காமலே கூப்பிட்டு ‘நாளைக்கு பவுன்ஸ் ஆகும்’ என்றவரும் ஒரே ஆள்தான். இரண்டையும் தெரிந்துகொண்டுதான் ‘சரி’ சொன்னேன்.

2023 வைகாசியில் கல்யாணம். பர்சனல் லோன் இன்னும் ஓடுகிறது. இரண்டு சம்பளத்தில் அது பெரிய பாரமாகத் தெரியவில்லை. என் மாத்திரை டப்பா மாமியார் வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. நான் மறந்தால் மாமியார்தான், “பேங்க்கு, மாத்திரை போட்டாச்சா?” என்கிறார். எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், முழுசாக இல்லை. போன் வந்து அவர் பால்கனிப் பக்கம் நகர்ந்தால் என் கை வேலையை நிறுத்திவிடும். இரண்டு நொடிதான். அவருக்கும் அது தெரியும். இப்போதெல்லாம் பெரும்பாலும் ஹாலில் உட்கார்ந்தே பேசுகிறார். கத்திக் கத்திப் பேசி சீரியலைக் கெடுக்கிறார்.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். அவளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. மனைவியை இழந்தவர், தஞ்சாவூர்ப் பக்கம், ஒரு பெண் குழந்தை. அப்பாவுக்குச் சம்மதம். அக்காவுக்குப் பாதிச் சம்மதம். அவரை ஒரு தடவை நேரில் பார்த்துப் பேச வேண்டும், என்னவெல்லாம் கேட்கலாம் என்று ஒரு பேப்பரில் எழுதி வைத்திருக்கிறாள். எட்டு வயதுப் பையனும் அதில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறான்: ‘கிரிக்கெட் தெரியுமா?’

“ஞாயித்துக்கிழமை அம்மா மண்டபத்துக்கு வரச் சொல்லியிருக்கேன். நீயும் வந்து நாலு படி தள்ளி உக்காந்துக்கோ” என்றாள்.

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவருக்குத்தான் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். “பாவம் அந்த மனுஷன். அதே படித்துறைக்கா?” என்றார்.